போக்குக் காட்டுவதும் அளாப்புவதும்: சொப்ட்போலில் பிள்ளைகள் ஓடும் ஓட்டம் பற்றி

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்டிருக்கிறீர்கள். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் அண்ணாவின் மகள், பதினொரு வயது, சொப்ட்போலில் பந்து வீசுகிறாள். எதிரணிப் பிள்ளை ஒருத்தி வோக் கிடைத்து (எறிகள் பிழைத்ததால் பந்தை அடிக்காமலே கிடைக்கும் சலுகை) முதல் பேஸுக்கு ஆறுதலாக நடந்துபோய், அங்கே நிற்காமல் திடீரென்று இரண்டாவது பேஸை நோக்கி ஓடினாள். உங்கள் மருமகள் பதறிப்போய் பந்தை அங்கே எறிய, மூன்றாவது பேஸில் நின்றவள் ஹோமுக்கு ஓடிவந்து ஓட்டம் எடுத்துவிட்டாள். பிறகு அதே ஆட்டத்தில் இன்னொருத்தி வேண்டுமென்றே தடுக்கி விழுந்து, எல்லோரும் அவளையே பார்த்த நேரத்தில் மறுபடியும் ஒரு ஓட்டம். அண்ணா "இது அளாப்பு", அதாவது விளையாட்டில் ஏமாற்று வேலை, என்கிறார். எதிரணிக் கோச் "விதியில் இடமிருக்கிறது" என்கிறார். திருகோணமலை உப்புவெளியில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்த நீங்கள் யார் சரி என்று கேட்கிறீர்கள். இங்கே கிரிக்கெட் விளையாடும் உங்கள் மகனை இப்படியான வேலைகள் பழக விடலாமா என்றும் கேட்கிறீர்கள். விதி அனுமதித்த ஒன்றைச் செய்த பிள்ளை தப்புச் செய்தவளாக இருக்க முடியுமா என்பதுதான் இரண்டுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் திருகோணமலையில் உடற்கல்வி படிப்பித்தவன். எல்லேக்கும் (பேஸ்போல் மாதிரியான நம் நாட்டு விளையாட்டு) கிரிக்கெட்டுக்கும் நடுவராக நின்றிருக்கிறேன், சொப்ட்போலை ஒரு பயிற்சி முகாமில் படித்துப் பெண் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். அந்தக் காணொளியை நான் பார்க்கவில்லை. கனடாவில் அந்த லீக் தனக்கென்று வைத்திருக்கும் விதித்தாளையும் பார்க்கவில்லை. ஆகவே பொது விதியைப் பற்றி உறுதியாகச் சொல்வேன், அந்த ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: இது நாம் தெருவில் டெனிஸ் பந்தில் ஆடும் மென்பந்துக் கிரிக்கெட் இல்லை. பேஸ்போலின் உடன்பிறப்பு. நான்கு பேஸ்கள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையே 60 அடி. மூன்றையும் தொட்டுக் கடைசியான ஹோமுக்கு வந்தால் ஒரு ஓட்டம். பந்து வீசும் பிட்சர் கையைக் கீழாகச் சுழற்றி எறிவார். நான்கு எறிகள் சரியான எல்லைக்குள் வராமல், துடுப்பாளரும் அவற்றுக்கு வீசாமல் விட்டால் அவருக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும், அதுதான் வோக். பேஸில் நிற்பவர் பிட்சரின் கையை விட்டுப் பந்து போகும்வரை காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆட்டமிழப்பு. பேஸ்போலில் பந்து எறியப்படுமுன்பே நாலடி தள்ளி நின்று பிட்சரைச் சீண்டலாம், இங்கே அந்த வேலை இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தால்தான் சொப்ட்போலில் ஓட்டத் தந்திரங்கள் எல்லாம் பந்து, துடுப்பாளருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சரிடம் போன பிறகு, அது பிட்சரிடம் திரும்பி வரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வந்து குவிகின்றன.

முதலாவது சம்பவத்தில் கோச் சொன்னது சரி. வேகப் பந்து சொப்ட்போலில் வோக் கிடைத்தாலும் பந்து உயிரோடுதான் இருக்கிறது, அதாவது ஆட்டம் நிற்பதில்லை. முதல் பேஸைத் தொட்டவுடன் அவள் மற்ற எந்த ஓட்டக்காரியையும் போலத்தான், ஓட விரும்பினால் ஓடலாம். ஆனால் பிட்சருக்கும் ஒரு காவல் உண்டு, பல பெற்றோருக்கும் சில கோச்சுகளுக்கும் தெரியாத காவல். பிட்சரைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. பந்து கையிலிருக்க அந்த வட்டத்துக்குள் அவள் நின்று, யாரையும் ஆட்டமிழக்கச் செய்ய முயலாமல் இருந்தால், பேஸை விட்டு நிற்கும் ஓட்டக்காரி உடனே முன்னுக்குப் போக வேண்டும் அல்லது உடனே திரும்ப வேண்டும். நடுவில் நின்று ஆட்டம் காட்டினால் ஆட்டமிழப்பு. பேஸில் நிற்பவள் அதை விட்டு இறங்கவே கூடாது. வோக்கில் போகிறவளுக்கு முதல் பேஸைத் தாண்டிய பிறகு ஒரே ஒரு தடவை நின்று யோசிக்கலாம் என்ற சலுகை இருக்கிறது, அதன் பிறகு ஒரு பக்கம் முடிவெடுத்தாக வேண்டும்.

இந்தத் தந்திரத்தின் முழு உயிரும் ஒரே இடத்தில் இருக்கிறது. பிட்சர் எறிவதற்குக் கையை ஓங்கினால், எறியாமல் பாசாங்கு செய்தாலும், அது ஆட்டமிழக்கச் செய்யும் முயற்சியாகக் கணக்கு. உடனே காவல் போய்விடும், மூன்றாவது பேஸில் நிற்பவள் அவிழ்த்துவிட்டது போலத்தான். உங்கள் மருமகள் பந்தை வைத்துக்கொண்டு வட்டத்துக்குள் சும்மா நின்றிருந்தால் அந்த ஓட்டம் கிடைத்திருக்காது. இரண்டாவது பேஸைக் கொடுத்துவிட்டு ஓட்டத்தைக் காப்பது என்பது பதினொரு வயதுப் பிள்ளைக்கு இலகுவாக வராது. கண் முன்னால் ஒருத்தி ஓடும்போது சும்மா நில் என்பது அந்த வயதில் தண்டனை. எதிரணிக் கோச் நம்பியதும் அதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்து, பதினொரு வயதுக்கான பல லீக்குகள் பொது விதிக்கு மேலே தங்கள் சொந்த விதிகளை வைத்திருக்கின்றன. வோக் என்றால் முதல் பேஸோடு நிற்க வேண்டும், பேஸ் திருடுவதற்கு (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவதற்கு) இத்தனை தடவைதான், ஹோமைத் திருடக் கூடாது என்றெல்லாம். அந்த லீக்கில் அப்படி ஒன்று இருந்தால் கோச் சொன்னது பிழை. இதை அண்ணா ஒரே ஒரு மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது சம்பவம், அந்த விழுதல், வேறு கதை. ஓட்டக்காரி விழக் கூடாது என்று எனக்குத் தெரிந்த எந்த விதிப்புத்தகத்திலும் வரி இல்லை. பந்து பிட்சரிடம் வந்து அவள் வட்டத்துக்குள் நின்றபிறகும் விழுந்தவள் தரையில் கிடந்தால், முன்பு சொன்ன விதிப்படி அவள் ஆட்டமிழந்தவள். ஆகவே இதைச் செய்பவர்கள் பந்து கேட்சரின் கையில் இருக்கும்போதுதான் விழுவார்கள், கேட்சர் ஆசைப்பட்டு எறிவாள் என்ற எதிர்பார்ப்பில். பொதுவாக விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தையைக் கண்டிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒருத்தி உண்மையிலேயே தடுக்கினாளா, நடித்தாளா என்று தீர்மானிக்க எந்த நடுவரும் விரும்ப மாட்டார். விதி இங்கே வாய் மூடி நிற்கிறது, எனவே இது ஆட்களைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

எனக்கு முதலாவதில் பிரச்சினை இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் கிளித்தட்டு ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். குறுக்குக் கோட்டில் நிற்பவரைத் தாண்டுகிறவர் இடப் பக்கம் உடம்பை வளைத்துப் போக்குக் காட்டி வலப் பக்கத்தால் பாய்வார். அதை யாரும் அளாப்பு என்று சொன்னதில்லை. போக்குக் காட்டத் தெரியாதவருக்குக் கிளித்தட்டே இல்லை. ஆனால் ஒருவர் "ஐயோ, கால் சுளுக்கிட்டுது" என்று குந்தியிருந்து, மறிக்க நின்றவர் என்ன ஏது என்று குனிந்து பார்க்கும்போது எழும்பி ஓடினால், அந்தப் பின்னேரம் முழுக்க அவருக்கு அளாப்பி என்றுதான் பெயர். அடுத்த நாள் அணி பிரிக்கும்போது கடைசி ஆளாகத்தான் எடுப்பார்கள். இரண்டுமே ஏமாற்றுதல்தான். முதலாமவர் எதிராளியின் கண்ணை ஏமாற்றினார், இரண்டாமவர் அவருடைய இரக்கத்தை. கண்ணைக் கூர்மையாக்க ஒரு பிள்ளையைப் பழக்கலாம். இரக்கத்தைக் குறைத்துக்கொள்ளப் பழக்க வேண்டிய விளையாட்டு எனக்கு வேண்டாம்.

சொப்ட்போலிலேயே இதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் அமெரிக்காவில் மேற்கு ஒரேகன், மத்திய வாஷிங்டன் பல்கலைக்கழக அணிகள் மோதின. சாரா டுச்சோல்ஸ்கி என்ற மாணவி, இரண்டு பேர் பேஸில் நிற்க, பந்தை வேலிக்கு மேலால் அடித்தார். அவருடைய வாழ்க்கையின் முதல் ஹோம் ரன். முதல் பேஸைத் தொடாமல் தாண்டிவிட்டதை உணர்ந்து திரும்பியபோது முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார். சொந்த அணியினர் தொட்டால் அவர் ஆட்டமிழப்பார் என்றும், மாற்று ஆளை ஓடவிட்டால் அது ஒரு பேஸ் அடியாகவே கணக்கில் சேரும் என்றும் நடுவர்கள் சொன்னார்கள். அப்போது எதிரணியின் மல்லரி ஹோல்ட்மன், தாங்கள் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். அவரும் லிஸ் வாலஸும் சாராவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பேஸிலும் நிறுத்தி அவருடைய காலால் தொடவைத்து ஹோமுக்குக் கொண்டுவந்தார்கள். மத்திய வாஷிங்டன் அந்த ஆட்டத்தை 4-2 என்று தோற்றது. நடுவர்கள் சொன்ன விதி விளக்கமே பிழை, மாற்று ஆளை ஓடவிட்டிருக்கலாம் என்று பிறகு தெரியவந்தது, அது வேறு விஷயம். விழுந்து கிடப்பவள் உண்மையிலேயே விழுந்திருக்கிறாள் என்று ஹோல்ட்மனுக்குச் சந்தேகம் வரவில்லை, அதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். விழுகிற நடிப்பைப் பழக்கும் கோச் கெடுப்பது அந்த நம்பிக்கையை. பிறகு ஒருத்தி நிஜமாக விழும்போது, பந்தோடு நிற்கும் பிள்ளை ஒரு கணம் யோசிப்பாள்.

தந்திரம் வந்தால் விதி பின்னால் வருவதும் பழைய கதை. 1911இல் வாஷிங்டன் பேஸ்போல் அணியில் ஜெர்மனி ஷேஃபர் என்றொருவர் இருந்தார். மூன்றாவது பேஸில் சக வீரர் நிற்க, இவர் முதல் பேஸிலிருந்து இரண்டாவதைத் திருடினார், கேட்சர் எறிந்தால் மூன்றாவதில் நிற்பவர் வந்துவிடுவார் என்று. கேட்சர் எறியவில்லை. மனுஷன் விடவில்லை, இரண்டாவதிலிருந்து திரும்ப முதல் பேஸுக்கே ஓடி அதையும் திருடினார், மறுபடி முதலில் இருந்து தொடங்கலாம் என்று! இன்றைய விதியில் எதிரணியைக் குழப்பவோ ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்கவோ பேஸ்களைத் தலைகீழாக ஓடினால் ஆட்டமிழப்பு. இதே மாதிரி, உள் களத்தில் உயரமாக எழும்பும் சுலபமான பிடியை வேண்டுமென்றே நழுவவிட்டு இரண்டு பேரை வீழ்த்தும் வித்தையை அடக்க, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே துடுப்பாளர் அப்போதே ஆட்டமிழந்தவர் என்று விதி செய்துவிட்டார்கள். பந்து கையில் இல்லாமல் தொடுவதுபோல் பாசாங்கு செய்து ஓட்டக்காரியைச் சறுக்கவைப்பதை சொப்ட்போல் விதிகள் தடை செய்கின்றன. காயம்படும் என்பது அதற்குப் பெரிய காரணம். விதிப்புத்தகத்தில் இன்று இடம் இருக்கிறது என்பது, யாரும் இன்னும் அதை அளவுக்கு மீறிச் செய்யவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

இனி வயது. நான் கோச்சின் பக்கத்தையும் கொஞ்சம் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தத் தந்திரங்கள் என்றால் உயிர். அடிக்கவும் எறியவும் பலம் போதாத மெலிந்த பிள்ளை ஒருத்தி, ஓட்டத்தின் மூளையால் ஓர் ஆட்டத்தை வெல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை நான் பறிக்க மாட்டேன். ஆனால் எட்டு, ஒன்பது வயதில் யாருக்கு வட்ட விதி தெரியும்? கோச்சுக்குத் தெரியும். அப்போது நடப்பது இரண்டு பிள்ளைகளுக்கு இடையிலான போட்டி இல்லை, நாற்பது வயது ஆள் ஒருவர் எதிரணியின் சின்னப் பிள்ளையை வெல்கிறார், கால் மட்டும் தன் அணிப் பிள்ளையுடையது. பதினொன்று, பன்னிரண்டில் அந்த எல்லை மங்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் எனக்கு ஆட்சேபமே இல்லை. எந்த வயதிலும் நான் ஒரு கோச்சிடம் கேட்பது, வோக் தந்திரத்தைச் சொல்லிக்கொடுத்த அதே நாளில் அதை முறியடிப்பதையும் சொல்லிக்கொடுத்தாரா என்பதுதான். இரண்டையும் சொல்லிக்கொடுப்பவர் விளையாட்டைப் பழக்குகிறார். இது என்னுடைய அபிப்பிராயம், விதி இல்லை. என்னோடு வேலை செய்தவர்களிலேயே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

சரி, உங்கள் மகன். கிரிக்கெட்டில் விதி பல இடங்களில் தெளிவாகிவிட்டது. களத்தடுப்பாளர் பந்து கையில் இல்லாமல் எறிவதுபோல் நடிப்பது, துடுப்பாட்டக்காரரை ஏமாற்றச் சத்தம் போடுவது இரண்டும் 2017இலிருந்து 41.5ஆம் விதியின் கீழ் குற்றம், தண்டனை 5 ஓட்டங்கள். நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு: மறுமுனையில் நிற்பவர் கூப்பிடுவதுபோல் "வா, வா" என்று களத்தடுப்பாளர் கத்துவது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலை மக்கெய்சர் அரங்கில் யார் குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது, அப்போது இது நன்றாகவே பலிக்கும். அது இந்த விதிக்குள் நேராக வந்து விழும், உங்கள் மகன் அதைச் செய்யக் கூடாது. சந்தேகமான இடங்களும் உண்டு. 2021இல் ஜொஹனஸ்பேர்க்கில் தென்னாபிரிக்காவின் குவின்டன் டி கொக் கையைக் காட்ட, பாகிஸ்தானின் ஃபகார் ஸமான் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்து 193இல் ரன் அவுட் ஆனார். அது ஏமாற்றும் முயற்சியா, சக வீரருக்கான சைகையா என்று உலகம் முழுக்க அடிபட்டார்கள், நடுவர்கள் தண்டனை கொடுக்கவில்லை.

பந்து வீசுமுன் மறுமுனைத் துடுப்பாட்டக்காரரை ரன் அவுட் செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. இதில் விதி உறுதி. 2022 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்.சி.சி. இதை நியாயமற்ற ஆட்டம் என்ற 41ஆம் விதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் என்ற 38ஆம் விதிக்கு மாற்றியது. எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. 2014இல் எட்ஜ்பாஸ்டனில் இலங்கையின் சசித்ர சேனநாயக்க இங்கிலாந்தின் ஜோஸ் பட்லரை எச்சரித்த பிறகே வீழ்த்தினார், அப்படியும் ஏச்சு வாங்கினார். பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குக் கிட்டவான உதாரணம் 2016இன் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம். சிம்பாப்வேக்கு வெல்ல 3 ஓட்டங்கள் தேவை, கையில் ஒரே விக்கெட், கடைசி ஓவர். கீமோ போல் பந்தை வீசாமலே பெயில்ஸைத் தட்டிவிட்டார், மேற்கிந்தியத் தீவுகள் வென்றது, பிறகு கிண்ணத்தையும் எடுத்தது. அதை நான் அளாப்பு என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டி இறங்குகிறவர் ஒரு முழம் திருடுகிறார், பந்துவீச்சாளர் அதைப் பிடிக்கிறார். பந்து போடுவதுபோல் கையைச் சுழற்றிப் பாசாங்கு காட்டி வெளியே இழுப்பதுதான் எனக்குப் பிடிக்காது. மகன் துடுப்போடு மறுமுனையில் நிற்கும்போது பந்து கையை விட்டுப் போகும்வரை மட்டையைக் கோட்டுக்குள் வைத்திருக்கப் பழக்குங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

முரளியின் ரன் அவுட்டை உங்கள் வீட்டில் யாராவது எடுப்பார்கள், எனவே அதையும் சொல்லிவிடுகிறேன். 2006 டிசம்பரில் கிரைஸ்ட்சேர்ச்சில் சங்கக்கார சதம் அடிக்க உதவிய ஒற்றை ஓட்டத்தை முடித்துவிட்டு, முரளி அவரை வாழ்த்தக் கோட்டை விட்டு நடந்தார். பந்து இன்னும் உயிரோடு இருந்தது, நியூசிலாந்தின் பிரண்டன் மக்கலம் விக்கெட்டைத் தட்டினார். விதிப்படி சந்தேகமே இல்லாத ஆட்டமிழப்பு. பத்து வருடம் கழித்து, 2016இல் லோர்ட்ஸில் ஆற்றிய உரையில் மக்கலம் அதற்காக வருந்துவதாகச் சொன்னார். முரளி அங்கே ஓட்டம் எடுக்கப் போகவில்லை, கைகொடுக்கப் போனார். நான் மேலே சொன்ன விழுகிற நடிப்புக்கும் இதற்கும் உள்ள உறவு உங்களுக்கு விளங்கும்.

அண்ணாவுக்கு எழுதும்போது இதைச் சேர்த்துவிடுங்கள். லீக்கின் விதித்தாளை வாங்கி, வோக் கிடைத்தவள் எதுவரை ஓடலாம் என்பதைப் பார்க்கட்டும். பொது விதிதான் என்றால் மருமகளின் அணிக்கு மூன்று பழக்கம் போதும். நான்காவது தவறான பந்து விழுந்ததும் கேட்சர் பந்தைத் தன்னிடமே வைத்திருக்காமல் பிட்சருக்கு உடனே கொடுக்க வேண்டும். பிட்சர் வட்டத்துக்குள் நின்று, கையைத் தாழ்த்தி, மூன்றாவது பேஸில் நிற்பவளை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவதுக்கு ஓடுகிறவளைக் கண்டு யார் கத்தினாலும், பெற்றோர் கத்தினாலும், கை உயரக் கூடாது. வீட்டு முற்றத்தில் மூன்று பேர் இருந்தாலே இதைப் பழகலாம். ஒருத்தி மூன்றாவதில் நிற்க, ஒருத்தி முதல் பேஸிலிருந்து இரண்டாவதுக்கு ஓட, மருமகள் பந்தோடு நிற்கட்டும். அண்ணா பக்கத்தில் நின்று "எறி, எறி" என்று கத்தினால் இன்னும் நல்லது. விழுகிற தந்திரத்தைப் பற்றிக் கோச்சிடம் கேட்பதானால் ஆட்டம் முடிந்த சூட்டில் வேண்டாம், வாரநாளில், பிள்ளைகள் இல்லாத இடத்தில் கேட்கச் சொல்லுங்கள்.